கறிக்கோழித் தீவனத்தில் புரதச் சிக்கனம்

நமது கிராமங்களில் உழவுக்குத் துணையாக வளர்ந்துள்ள தொழில்களுள் கறிக்கோழி வளர்ப்பு முக்கியமானதாகும். கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில், சிறப்பாகப் பல்லடம் வட்டாரத்தில், கிணறு வற்றி வெள்ளாமை குன்றிய காடுகளிலும் நீண்ட கோழிக் கொட்டகைகளைக் காண்கிறோம். மழையை மட்டும் நம்பியிருந்த பல குடும்பங்களுக்கு இத்தொழில் ஆண்டு முழுவதும் ஓரளவு வருவாய் அளித்து வருகிறது.

ஆயினும், இத்தொழிலைக் குறித்து இரண்டு முறையீடுகள் ஓயாமல் எழுந்த வண்ணம் இருக்கின்றன. தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பண்ணையாளர் கூறுகின்றனர். நாற்றத்தையும் ஈயையும் சகிக்க முடியவில்லை என்று பண்ணைக்கு அருகில் குடியிருப்போர் கூறுகின்றனர். முன்னது கால்நடைத் துறையினரிடம் சொல்லப்படுகிறது. பின்னது கிராம சபையில் மனுவாக வந்து சேருகிறது. இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஆராய்ந்து பார்த்தால், இவ்விரண்டிற்கும் உள்ள காரணங்களில் பெரியதொன்று பொதுவானதே என்பது விளங்கும். கோழி தின்று, தன் உடலில் சேர்க்க முடியாமல் வெளியே தள்ளும் புரதமே அது. அந்தப் புரதத்தை விலை கொடுத்து வாங்குவதும் நாம்தான். அது அழுகும்போது முகர்வதும் நாம்தான். இதை எவ்வாறு குறைக்கலாம், எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரதம் என்பது யாது?

கோழியின் சதை, இறகு, இரத்தம் ஆகிய யாவும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவை. ஆகவே விரைந்து வளரும் கறிக்கோழிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்குதான் புரதம் இருக்கிறது. சோயா பிண்ணாக்கில் நாற்பத்து நான்கு முதல் நாற்பத்தெட்டுப் பங்கு வரை உள்ளது. எனவே மக்காச்சோளத்துடன் சோயா பிண்ணாக்கைக் கலந்து தீவனம் தயாரிக்கின்றனர்.

ஆனால் புரதம் என்பது ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகள் சங்கிலி போல் கோத்து அமைந்ததே புரதம். இக்கூறுகள் இருபது வகைப்படும். கோழி தின்ற புரதம் அதன் குடலில் இக்கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. பின்னர் உடல் அவற்றைத் தனக்கு வேண்டிய முறையில் மீண்டும் கோத்துச் சதையாகவும் இறகாகவும் ஆக்கிக்கொள்கிறது. இருபதில் ஏறக்குறைய பாதியைக் கோழியின் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும். எஞ்சியவை தீவனத்தின் மூலமே வந்தாக வேண்டும். லைசின், மெத்தியோனின், திரியோனின், வாலின், ஐசோலூசின், அர்ஜினின், டிரிப்டோபன் முதலியவை அத்தகையவை.

இவை குறிப்பிட்ட விகிதத்தில் வேண்டும் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு தச்சரிடம் பத்து அச்சுகளும் பதினான்கு சக்கரங்களும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவரால் எத்தனை வண்டிகள் பூட்ட முடியும்? ஏழு வண்டிகளே பூட்ட முடியும். மூன்று அச்சுகள் மிஞ்சி நிற்கும். மேலும் பத்து அச்சுகளை வாங்கிப் போட்டாலும் வண்டி ஏழுதான். ஆறு சக்கரங்கள் கிடைத்தால் மட்டுமே பத்து வண்டிகள் ஆகும். கோழியின் உடலிலும் இவ்வாறே நடக்கிறது. எந்த அமினோ அமிலம் தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது. மக்காச்சோளமும் சோயா பிண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் முதலாவதாகக் குறைவது மெத்தியோனின், இரண்டாவது லைசின், மூன்றாவது திரியோனின், அவற்றை அடுத்து வாலின்.

மிஞ்சியது எங்கே போகிறது?

தச்சர் மிஞ்சிய அச்சுகளைப் பட்டறையின் மூலையில் சாத்தி வைக்கலாம். கோழிக்கு அந்த வசதி இல்லை. கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்கக் கோழியின் உடலால் இயலாது. மிஞ்சியவற்றை அதன் ஈரல் சிதைத்துவிடுகிறது. அவற்றிலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், யூரிக் அமிலமாக மாறி எச்சத்துடன் வெளியேறுகிறது. கோழி எச்சத்தின்மேல் வெண்மையாகக் காணப்படுவது இதுவே. இந்தச் சிதைவு வேலைக்கு உடலின் சக்தி செலவாகிறது, வெப்பமும் உண்டாகிறது. சித்திரை வைகாசி மாதங்களில் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருக்கும் கோழிக்கு இது வேண்டாத சுமையாகும்.

கூளத்தில் விழுந்த யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. கூளத்தில் ஈரமும் கொட்டகையில் வெப்பமும் மிகுந்தால் இந்த மாற்றம் துரிதமாக நடைபெறும். காலையில் படுதாவை விலக்கியவுடன் கண்ணைக் கரிக்கும் காரமான நெடி இந்த வாயுவினுடையதே. பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருப்பது கோழிக்குத் தீங்கு தரும். கண் வீங்கும். மூச்சுக்குழலின் உட்புறத்திலிருந்து தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கும். அதன் பின் மூச்சு நோய்கள் எளிதில் பற்றிக்கொள்ளும். கொட்டகையில் வேலை செய்யும் ஆண், பெண் தொழிலாளர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர்.

புரதம் மிகுந்தால் கூளமும் நனைகிறது. மிகுதியான தழைச்சத்தை வெளியேற்றக் கோழி அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. சோயா பிண்ணாக்கில் சாம்பல் சத்து மிகுதியாக இருப்பதும் தண்ணீர்த் தாகத்தைக் கூட்டுகிறது. ஈரமான கூளத்தில் நிற்கும் கோழிக்கு அடிக்காலில் புண் ஏற்படுகிறது. ஈ முட்டையிட்டுப் பெருகுவதற்கும் அந்த ஈரமே ஏற்ற இடமாகும். இவ்வாறு, பண்ணைச் செலவில் தொடங்கிய விஷயம் ஊர்ச் சுகாதாரத்தில் வந்து முடிகிறது.

பழைய வழியும் புதிய வழியும்

முற்காலத்தில் தீவனம் தயாரிப்போருக்கு வேறு வழி இருக்கவில்லை. மெத்தியோனின் குறைகிறது என்றால், மேலும் பிண்ணாக்கையோ மீன் தூளையோ சேர்க்க வேண்டியிருந்தது. சக்கரம் வேண்டியவர் முழு வண்டியையே விலைக்கு வாங்குவதைப் போன்றது அது. வேண்டிய ஒன்றுடன் வேண்டாத பத்தும் உடன் வந்தன.

விஞ்ஞானத்தின் வளர்ச்சி இந்நிலையை மாற்றியது. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜான் ஹோவர்ட் மியூல்லர் மெத்தியோனினைக் கண்டறிந்தார். 1935-ஆம் ஆண்டில் வில்லியம் கம்மிங் ரோஸ் என்பவர் திரியோனினைக் கண்டறிந்தார். மெத்தியோனினை ரசாயன முறையில் தொழிற்சாலைகளில் தயாரிக்க வழி பிறந்தது. 1956-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு நுண்ணுயிரை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த இனங்களைக் கொண்டு, சர்க்கரைப் பாகு போன்ற பொருள்களைப் புளிக்கவைத்து லைசின் உற்பத்தி செய்யும் தொழில் பின்னர் உலகெங்கும் பரவியது. திரியோனினும் வாலினும் இன்று இம்முறையிலேயே கிடைக்கின்றன. எந்தச் சக்கரம் குறைகிறதோ அதை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளும் வசதி இவ்வாறு ஏற்பட்டது.

இவை ஊக்க மருந்தோ என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயம் தேவையற்றது. அமினோ அமிலம் நோய்க் கிருமிகளைக் கொல்லும் மருந்தும் அன்று; வளர்ச்சியைத் தூண்டும் சுரப்புநீரும் அன்று. சோயா பிண்ணாக்கில் உள்ள அதே சத்தே தனித்த தூளாக வருகிறது. உப்பளத்து உப்பும் கடல் நீரில் கரைந்துள்ள உப்பும் ஒன்றே அல்லவா?

ஒரு சிறு கணக்கு

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோழித் தீவன அளவுகளை உலகெங்கும் அடிப்படையாகக் கொண்டு வந்துள்ளனர். அதன்படி, கறிக்கோழிக்கு முதல் மூன்று வாரம் வரை தீவனத்தில் நூற்றுக்கு 23 பங்கு புரதமும், மூன்று முதல் ஆறு வாரம் வரை 20 பங்கும் குறிக்கப்பட்டன. மூன்று முதல் ஆறு வாரத் தீவனத்தில் லைசின் 1.00 பங்கும், மெத்தியோனினும் அதன் துணையான சிஸ்டினும் சேர்ந்து 0.72 பங்கும், திரியோனின் 0.74 பங்கும் இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டது. இன்றைய கோழி இனங்கள் அக்காலத்தவற்றைவிட விரைவாக வளர்வதால், அமினோ அமிலத் தேவை இதைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். அதற்கேற்பக் கணக்கிடுவது வல்லுநர்களின் பொறுப்பாகும்.

இப்போது 100 கிலோ தீவனத்திலிருந்து 6 கிலோ சோயா பிண்ணாக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 5.5 கிலோ மக்காச்சோளத்தைச் சேர்ப்பதாகக் கொள்வோம். 6 கிலோ பிண்ணாக்கில் சுமார் 2.7 கிலோ புரதம் இருந்தது. 5.5 கிலோ மக்காச்சோளம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான புரதத்தையே தரும். ஆகவே தீவனத்தின் புரதம் ஏறத்தாழ 2 பங்கு குறைந்துவிடும். இதனால் கோழிக்கு உண்மையில் எது குறைந்தது என்று பார்ப்போம்.

லைசின்: பிண்ணாக்குடன் போனது சுமார் 165 கிராம், மக்காச்சோளத்துடன் வந்தது சுமார் 14 கிராம். நிகரக் குறைவு ஏறத்தாழ 150 கிராம். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடு தூளில் நூற்றுக்கு 78 பங்கே லைசின் ஆதலால், சுமார் 190 கிராம் தூள் சேர்க்க வேண்டும்.

மெத்தியோனினும் சிஸ்டினும்: போனது சுமார் 77 கிராம், வந்தது சுமார் 20 கிராம். ஏறத்தாழ 57 கிராம் மெத்தியோனின் சேர்த்தால் இக்குறை நீங்கும். இது தீவனத்தில் வழக்கமாகச் சேர்க்கும் மெத்தியோனினுக்கு மேற்பட்டதாகும்.

திரியோனின்: போனது சுமார் 103 கிராம், வந்தது சுமார் 16 கிராம். ஏறத்தாழ 87 கிராம் சேர்க்க வேண்டும்.

ஆக, 6 கிலோ பிண்ணாக்கின் இடத்தை 5.5 கிலோ மக்காச்சோளமும் மூன்றரைக் கைப்பிடிக்கு மேற்படாத தூளும் எடுத்துக்கொள்கின்றன. இம்மாற்றம் இலாபமா நட்டமா என்பதை அன்றைய விலைகளே முடிவு செய்யும். 6 கிலோ பிண்ணாக்கின் விலையை ஒரு பக்கமும், 5.5 கிலோ மக்காச்சோளத்துடன் மேற்கூறிய தூள்களின் விலையை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால் போதும். பிண்ணாக்கு மலிவாகவும் தூள்கள் கிராக்கியாகவும் இருக்கும் மாதங்களில் பணத்தில் மிச்சம் இல்லாமலும் போகலாம். பிண்ணாக்கு விலை ஏறும்போது மிச்சம் கணிசமாக இருக்கும். 2021-ஆம் ஆண்டில் சோயா பிண்ணாக்கின் விலை தாங்க முடியாத அளவு ஏறியபோது, 12 இலட்சம் டன் பிண்ணாக்கை அயல்நாட்டிலிருந்து தருவிக்க மத்திய அரசாங்கம் அனுமதிக்க நேர்ந்ததைப் பண்ணையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் பெருவாரியாக விளையும் சோயாவை நம்பியே நமது பண்ணைகள் நடைபெறுகின்றன. அங்கே மழை பொய்த்தால் இங்கே தீவன விலை ஏறும்.

இங்குக் காட்டியது கணக்கு முறையை விளக்குவதற்கான உதாரணமே. இதை அப்படியே தீவனக் கலவையாகக் கொள்ளலாகாது. தானியத்தின் தரம், பிண்ணாக்கின் தரம், கோழியின் வயது ஆகியவற்றுக்கு ஏற்ப அளவுகள் மாறும்.

ஊருக்குள்ள கணக்கு

விலையில் மிச்சம் இல்லாத மாதத்திலும் மற்றொரு நன்மை நிற்கவே செய்யும். 5,000 கோழிகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒரு கோழி சுமார் 3.5 கிலோ தீவனம் தின்று 2.1 கிலோ எடை பெறுவதாகக் கொண்டால், ஒரு தொகுதிக்கு 17,500 கிலோ தீவனம் செலவாகும். அதில் சராசரி 20 பங்கு புரதம் இருந்தால், மொத்தப் புரதம் 3,500 கிலோ. புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு தழைச்சத்தாகும். எனவே கொட்டகைக்குள் சென்ற தழைச்சத்து 560 கிலோ. கோழிகளின் உடலில் சேர்ந்து விற்பனைக்குப் போவது சுமார் 305 கிலோ. மீதி 255 கிலோ கூளத்தில் விழுகிறது.

புரதத்தை 18 பங்காகக் குறைத்து, அமினோ அமிலங்களால் ஈடு செய்து, கோழியின் எடையும் குறையாமல் பார்த்துக்கொண்டால், உள்ளே செல்லும் தழைச்சத்து 504 கிலோவாகும். கூளத்தில் விழுவது சுமார் 199 கிலோ. குறைந்தது 56 கிலோ. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. தீவனத்தில் ஒரு பங்கு புரதம் குறைந்தால் எச்சத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு தழைச்சத்து குறையும் என்று ஆராய்ச்சியாளர் கூறுவதும் இதனை ஒட்டியதே. 56 கிலோ தழைச்சத்து என்பது 45 கிலோ யூரியா மூட்டைகளில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மூட்டைக்குச் சமம். ஆண்டுக்கு ஆறு தொகுதி வளர்த்தால் பதினாறு மூட்டைக்குச் சமம்.

எரு வலுக் குறையுமே என்று விவசாயிகள் வருந்தலாம். ஆனால் கூளத்தில் விழும் தழைச்சத்து முழுவதும் வயலுக்கு வந்து சேருவதில்லை. கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. திறந்த வெளியில் குவித்து வைத்த எருவில் மழை பெய்தால், மற்றொரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்று நீரில் இறங்குகிறது. யூரியாவை மூட்டையாக வாங்கி வயலில் இடுவதே, பிண்ணாக்கு விலை கொடுத்துக் கோழியின் வழியாகக் காற்றில் விடுவதைவிடச் சிக்கனமானது.

எல்லை உண்டு

இவ்வளவு நன்மை உண்டென்றால் புரதத்தை இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய மூன்றையும் முறையாகச் சேர்த்து, புரதத்தை இரண்டு பங்கு வரை குறைப்பதில் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. மூன்று பங்குக்கு மேல் குறைத்தால், அடுத்த வரிசையிலுள்ள வாலின், ஐசோலூசின், அர்ஜினின் ஆகியவையும், குஞ்சுப் பருவத்தில் கிளைசினும் குறையத் தொடங்கும். அவற்றையும் ஈடு செய்யாவிட்டால் கோழியின் எடை குறையும். ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம் கூடும். வயிற்றில் கொழுப்புச் சேரும். முதல் பத்து நாட்களில் குஞ்சின் தீவனத்தில் சிக்கனம் பார்த்தல் அறவே கூடாது.

வேறு சில காரியங்களும் கவனிக்கத்தக்கவை. பிண்ணாக்கு குறையும்போது சாம்பல் சத்தும் கோலின் என்னும் சத்தும் குறைகின்றன. லைசின் ஹைட்ரோகுளோரைடினால் குளோரைடு கூடுகிறது. உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சமையல் சோடாவைச் சேர்த்து இதைச் சமன் செய்வது வழக்கம். மெத்தியோனின் அளவுக்கு மிஞ்சினால் மற்ற அமினோ அமிலங்களைவிட அதிகத் தீங்கு செய்யும். ஆகையால் கண்ணளவிலும் கையளவிலும் போடுதல் கூடாது. சிறு தராசு கொண்டே நிறுத்தல் வேண்டும். 100 கிலோவில் 300 கிராம் தூளை நேராகக் கொட்டிக் கிளறினால் அது ஒரே சீராகப் பரவாது. முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவுடனும், பின்னர் ஐந்து கிலோ மாவுடனும் கலந்து, அதன் பின்னரே முழுத் தீவனத்துடன் சேர்க்க வேண்டும்.

புரத எண்ணை மட்டும் நம்பலாமா?

தீவனச் சாக்கில் தைத்திருக்கும் சீட்டில் 'கச்சாப் புரதம்' இத்தனை பங்கு என்று போட்டிருப்பதைப் பண்ணையாளர் காண்பர். இந்த எண் எவ்வாறு கிடைக்கிறது? தீவனத்திலுள்ள தழைச்சத்தை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகின்றனர். அத்தழைச்சத்து எதிலிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. ஆதலால் ஒரு கிலோ யூரியாவைப் பிண்ணாக்கில் கலந்தால் அது சுமார் 2.9 கிலோ புரதம்போல் கணக்கில் தோன்றும்! கோழிக்கோ அதில் ஒரு கிராம் சதைகூட ஆகாது. வறுபட்டுக் கருகிய சோயா பிண்ணாக்கும் இவ்வாறே. சோதனையில் புரதம் குறையாது. ஆனால் அதிலுள்ள லைசினில் ஒரு பகுதி கோழிக்குக் கிட்டாது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. லைசினும் மெத்தியோனினும் குறைவு. அதில் பூஞ்சை நஞ்சு சேரும் அபாயமும் உண்டு.

ஆகவே 'புரதம் எத்தனை பங்கு?' என்று மட்டும் கேட்டு வந்த நாம், இனி 'செரிக்கத்தக்க லைசின் எத்தனை பங்கு? மெத்தியோனின் எத்தனை பங்கு?' என்று கேட்கப் பழக வேண்டும். 22 பங்கு புரதம் என்று எழுதிய மட்டமான தீவனத்தைவிட, அமினோ அமிலங்கள் பொருந்திய 20 பங்குப் புரதத் தீவனம் மேலானது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. தாமே தீவனம் கலக்கும் பண்ணையாளர்கள் பிண்ணாக்கு மாதிரியைச் சோதித்துப் பார்த்து, பல்கலைக்கழக வல்லுநர்களின் யோசனைப்படி கலவையை அமைத்துக்கொள்வது நன்று.

ஒப்பந்தப் பண்ணையாளர் செய்யக்கூடியது

கறிக்கோழி வளர்ப்போரில் பலர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், கூளம், உழைப்பு ஆகியவை பண்ணையாளருடையவை. தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. புரதச் சிக்கனத்தால் வரும் பண மிச்சம் முதலில் நிறுவனத்தையே சேரும். ஆனால் கூளத்தில் எழும் நெடி பண்ணையாளரின் கொட்டகையிலும், அவருடைய ஊரிலுமே நிற்கும். நிறுவனத்தின் கணக்கர் தீவனக் கலவையைத் தீர்மானிக்கையில் பிண்ணாக்கின் விலையைப் பார்க்கிறார். தூளின் விலையைப் பார்க்கிறார். ஊரார் முகரும் காற்றுக்கு அந்தக் கணக்கில் விலை போடப்படுவதில்லை. இதை நாம் தெளிவாக உணர வேண்டும்.

தனி ஒருவர் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஒரு வட்டாரத்தின் பண்ணையாளர்கள் ஒன்றுகூடி, தங்களுக்கு வரும் தீவனத்தின் புரத அளவையும் அமினோ அமில அளவையும் எழுத்தில் தரும்படி கேட்கலாம். கோழி தின்ற தீவனத்திற்கும் பெற்ற எடைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே வளர்ப்புக் கூலியும் ஊக்கத்தொகையும் கணக்கிடப்படுவதால், தீவனத்தின் தரத்தை அறிய அவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. வாரந்தோறும் சில கோழிகளை நிறுத்து எடையைக் குறித்து வைத்தால், தீவனம் மாறியபோது வளர்ச்சி மாறியதா என்பதைக் கையிலுள்ள குறிப்பைக் கொண்டே பேசலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

பண்ணைக்கு எதிராக ஒரு மனு வந்தவுடன், பண்ணையை மூடு என்று ஒரு சாராரும், பிழைப்பைக் கெடுக்காதே என்று மறு சாராரும் நிற்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். இருவரும் ஒரே ஊரார். சில சமயம் ஒரே வகையறாவினர். பஞ்சாயத்தார் இவ்விருவருக்கும் நடுவில் நின்று செய்யக்கூடிய காரியங்கள் உள.

முதலாவது, மனு வந்த பண்ணையில் கூளத்தைப் பார்வையிடுதல். ஒரு கைப்பிடி கூளத்தை இறுகப் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. தண்ணீர்க் குழாய் ஒழுகுதல், கூளத்தைக் கிளறாமை, காற்றோட்டக் குறைவு ஆகியவற்றைத் திருத்தாமல் தீவனத்தை மட்டும் மாற்றுவதால் நாற்றம் நீங்காது. இரண்டாவது, தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று பண்ணையாளரையும், அவர் மூலம் நிறுவனத்தையும் கேட்டல். மூன்றாவது, தொகுதி முடிந்து அள்ளும் எருவைக் குடிநீர்க் கிணற்றுக்கும் நீரோடைக்கும் அருகில் குவிக்காமல், மூடி வைத்து மக்கச் செய்து வயலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தல். நான்காவது, புதுப் பண்ணைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போதே குடியிருப்பிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விட வேண்டிய தூரத்தை நினைவூட்டுதல். 5,000 கோழிகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் மத்திய வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. பண்ணை அமைந்து, வழக்கு மூண்ட பின்னர் இதைப் பேசுவதைவிட, அஸ்திவாரம் தோண்டுமுன் பேசுவது இருசாராருக்கும் நலம்.

உடலில் ஏறாத புரதத்திற்கு மும்முறை விலை கொடுக்கிறோம். பிண்ணாக்குக் கடையில் ஒரு முறை. நோயுற்ற கோழியின் மூலம் ஒரு முறை. ஊர்க்காற்றின் மூலம் ஒரு முறை. அளவறிந்து இடும் தீவனத்தால் இம்மூன்றும் ஓரளவு குறையும். உரத்தை மண் பரிசோதனைக்கு ஏற்ப இட வேண்டும் என்பதை நமது விவசாயிகள் ஏற்றுக்கொண்டு வெகு காலம் ஆயிற்று. கோழித் தீவனத்திலும் அதே முறையைக் கைக்கொள்ளப் பண்ணையாளர்கள் முன்வருவார்களாக. பஞ்சாயத்தார் அதற்குத் துணை நிற்பார்களாக.